ஒரே ஆள் உருவாக்கிய விண்வெளிப் போர் கேம்: 'மைண்டஸ்ட்ரி' எப்படி இயங்குகிறது? ஏன் இலவசம்?

ஆள் இல்லாத ஒரு கிரகம். கையில் கொஞ்சம் செம்பு, ஒரே ஒரு மையக் கட்டடம். திரையின் மூலையில் கவுன்ட்டவுன் ஓடுகிறது. அது முடிந்ததும் எதிரிகள் வருவார்கள். அதற்குள் நிலத்தைத் தோண்டி, கன்வேயர் போட்டு, பீரங்கிக்குத் தோட்டா போய்ச் சேர வழி பண்ணியிருக்கணும். இல்லைன்னா கதை முடிஞ்சது.

இதுதான் 'மைண்டஸ்ட்ரி'. அறிவியல் புனைவு உலகத்தில் நடக்கும் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி வகை கேம். மொபைலில் இலவசம், விளம்பரம் கிடையாது. ஆனால் இதில் பலரும் ஆச்சரியப்படும் விஷயம் வேற. நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் நிறுவனங்களே திணறுகிற இந்த வகை கேமை, 'அனுக்கென்' என்ற பெயரில் இணையத்தில் இயங்கும் ஒரே ஒரு டெவலப்பர்தான் அடிப்படையிலிருந்து கட்டி எழுப்பினார்.

ஒரு ஆள் இதை எப்படிச் செய்ய முடிந்தது? பார்க்கலாம்.

ரியல் டைம் ஸ்ட்ராட்டஜின்னா என்ன?

சதுரங்கத்தில் நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிராளி காத்திருப்பார். இந்த வகை கேமில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். நீங்கள் மரம் வெட்டிக்கொண்டிருக்கும் அதே நொடியில் எதிரி படை திரட்டிக்கொண்டிருப்பான். வளம் சேர்ப்பது, கட்டடம் கட்டுவது, படை அனுப்புவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்.

1992-ல் வெஸ்ட்வுட் நிறுவனம் வெளியிட்ட 'டியூன் 2' இந்த வகைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. அதே நிறுவனத்தின் 'கமாண்ட் அண்ட் கான்கர்' 1995-ல் வந்தது. 1997-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 1998-ல் 'ஸ்டார்கிராஃப்ட்'. நம்ம ஊர் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்கு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்று சொன்னாலே போதும், முகம் மாறும்.

ஏன் ஒரு ஆளால் செய்வது கஷ்டம்?

ஓடித் தாவும் ஒரு கேமில் ஹீரோ ஒருத்தர். அவரைச் சரியாக நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. ஸ்ட்ராட்டஜி கேமில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நகரும். ஒவ்வொன்றும் சுவரில் முட்டாமல், ஒன்றோடொன்று சிக்காமல் வழி கண்டுபிடிக்கணும். கம்ப்யூட்டர் எதிரிக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கணும். ஒரு ஆயுதம் மட்டும் ரொம்ப பலமாக இருந்தால் எல்லாரும் அதையே கட்டுவார்கள், கேம் செத்துப்போகும். ஆன்லைனில் இரண்டு பேர் ஆடினால் இருவர் திரையிலும் ஒரே போர் தெரியணும்.

கடைசியாகச் சொன்னது சாதாரண சிக்கல் இல்லை. டயல்-அப் இணையம் இருந்த காலத்தில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' குழு இதற்கு ஒரு வழி பிடித்தது. ஒவ்வொரு வீரன் எங்கே நிற்கிறான் என்று அனுப்பவே இல்லை. 'இந்தப் படையை அங்கே அனுப்பு' என்ற கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். இரண்டு கம்ப்யூட்டரும் அதே கட்டளையை வைத்து அதே போரைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் இரண்டு பேரும் வேற வேற போரை ஆடிக்கொண்டிருப்பார்கள்! பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், தனி ஆள் இந்தப் பக்கமே வர யோசிப்பார்.

2017: ஒரு போட்டிக்காகச் செய்தது

'கேம் ஜாம்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், குறுகிய நாட்களுக்குள் ஒரு கேம் செய்து காட்டணும். கிட்டத்தட்ட கவியரங்கத்தில் தலைப்பு கொடுத்து உடனே பாடச் சொல்வது மாதிரி. 2017-ல் நடந்த 'ஜிடிஎல் மெட்டல் மான்ஸ்ட்ராசிட்டி ஜாம்' என்ற போட்டிக்கு அனுக்கென் செய்து கொடுத்ததுதான் மைண்டஸ்ட்ரியின் முதல் வடிவம்.

போட்டி முடிந்ததும் பெரும்பாலான ஜாம் கேம்கள் தூசி படிந்து கிடக்கும். இவர் விடவில்லை. தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். 2019 செப்டம்பரில் கம்ப்யூட்டர் கேம்களுக்கான பெரிய ஆன்லைன் கடையான ஸ்டீமில் வந்தது. 2020-ல் ஆறாவது பதிப்பு, 2022-ல் ஏழாவது பதிப்பு.

இன்னொரு தகவல்: ஆரம்பத்தில் இது முழு ஸ்ட்ராட்டஜி கேமே இல்லை. வரும் எதிரியைத் தடுக்கும் 'டவர் டிஃபென்ஸ்' வகைதான். படைகள் பிறகு வந்தன. அப்போதும் ஒரு கட்டளைக் கூடம் கட்டி, 'எல்லாரும் தாக்கு', 'எல்லாரும் பின்வாங்கு' என்று மொத்தமாகச் சொல்ல மட்டுமே முடியும். விரும்பிய படையைத் தனியாகத் தேர்ந்தெடுத்து விரும்பிய இடத்துக்கு அனுப்பும் வசதி ஏழாவது பதிப்பில்தான் வந்தது. அதாவது ஐந்து வருஷம் கழித்து.

கேமில் அப்படி என்ன இருக்கு?

சுருக்கமாகச் சொன்னால், போரை விட அதிகமாக நீங்கள் பார்ப்பது தொழிற்சாலை வேலை. செம்பு, ஈயம், மணல், நிலக்கரி எல்லாம் நிலத்தில் கிடக்கும். அதன்மேல் டிரில் வைத்தால் தோண்ட ஆரம்பிக்கும். தோண்டியது கன்வேயரில் ஏறி மையக் கட்டடத்துக்குப் போகும்.

எருமப்பட்டி, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மக்காச்சோளம் லோடு ஒரு நாள் தாமதமானால் தீவன மில் நிற்கும், தீவனம் நின்றால் முட்டை குறையும், முட்டை குறைந்தால் லாரி காலியாக நிற்கும். இங்கேயும் அதே சங்கிலிதான். நிலக்கரியும் மணலும் மின்சாரமும் சேர்ந்தால் சிலிக்கான். சிலிக்கானும் ஈயமும் சேர்ந்தால் 'டேகர்' என்ற நடக்கும் இயந்திரம். மின்சாரம் நின்றால் சிலிக்கான் இல்லை. சிலிக்கான் இல்லைன்னா படை இல்லை. முன்வரிசையில் தோற்றதற்கான காரணம் பின்னாடி எங்கேயோ ஒரு கன்வேயர் அடைப்பில் இருக்கும். நம்மில் பலரும் பீரங்கியைத்தான் திட்டுவோம்.

டேகரை மேம்படுத்தினால் நெருப்பு கக்கும் 'மேஸ்', அப்புறம் 'ஃபோர்ட்ரெஸ்', 'செப்டர்', கடைசியாக 'ரெய்ன்' என்று ஐந்து படிகள். பறக்கும் 'மோனோ' நீங்கள் சொல்லாமலே போய் செம்பும் ஈயமும் எடுத்து வரும். 'பாலி' உடைந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டும். வேலைக்கு ஆள் வைத்த மாதிரி.

கதைப்படி செர்புலோ, எரெகிர் என்று இரண்டு கிரகங்கள். இரண்டாவது 2022-ல் சேர்க்கப்பட்டது, அங்கே ஆட்ட முறையே வேற. முதலில் செர்புலோவை முடித்துவிட்டு அங்கே போவது நல்லது.

ஒரு ஆள் எப்படிச் சமாளித்தார்?

இங்கேதான் விஷயமே இருக்கு. அவர் எதைச் செய்தார் என்பதைப் போலவே எதை விட்டார் என்பதும் முக்கியம்.

முப்பரிமாண காட்சி இல்லை. மேலிருந்து பார்க்கும் தட்டையான சின்னச் சின்னக் கட்டங்கள்தான். சினிமா மாதிரி காட்சிகள் இல்லை, வசனம் பேசும் நடிகர்கள் இல்லை. பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டும் இடம் அத்தனையும் காலி. அந்த உழைப்பு முழுக்க விதிகளுக்குப் போனது. எந்தப் பொருளும் எதோடு சேரும், எந்த எதிரி எதற்குப் பயப்படும் என்ற விதிகள் நன்றாக இருந்தால், மீதி ஆட்டத்தை ஆடுபவரே உருவாக்கிக்கொள்வார்.

வழி கண்டுபிடிக்கும் சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் எதிரிகளுக்கும் தனித்தனியாக வழி தேடினால் போன் சூடாகி நின்றுவிடும். மைண்டஸ்ட்ரி அப்படித் தேடுவதில்லை. வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும், அங்கிருந்து உங்கள் மையக் கட்டடம் எவ்வளவு தூரம் என்று ஒரு எண் போட்டு வைத்துவிடும். தரையில் வரும் எதிரி வழியே யோசிக்க வேண்டாம். பக்கத்தில் எந்தக் கட்டத்தில் எண் குறைவோ அங்கே காலெடுத்து வைத்தால் போதும். கொல்லிமலையில் பெய்யும் மழைத் தண்ணீருக்கு யாரும் வழி சொல்வதில்லை, பள்ளம் பார்த்து அதுவாகவே இறங்குது இல்லையா? அந்த மாதிரி. பத்து எதிரி வந்தாலும் ஆயிரம் வந்தாலும் எண் போட்ட வரைபடம் ஒன்றேதான். இதற்கு 'ஃப்ளோ ஃபீல்ட்' என்று பெயர். இவர் கண்டுபிடித்தது இல்லை, ஆனால் சரியான இடத்தில் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

அடுத்தது ஜாவா. கேம் முழுக்க ஜாவா மொழியில் எழுதப்பட்டது. அதனால் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. பெரும்பகுதி கோடிங் ஒன்றே. கம்ப்யூட்டரில் ஆடுபவரும் மொபைலில் ஆடுபவரும் ஒரே போரில் சேர்ந்து ஆட முடிவதற்கும் இது கை கொடுக்கிறது.

'ஒரே ஆள்' என்பது முழு உண்மையா?

ஓரளவுக்குத்தான். அடிப்படை எழுத்தும் முடிவுகளும் பெரும்பாலும் அவருடையவை. ஆனால் மைண்டஸ்ட்ரியின் கோடு மொத்தமும் கிட்ஹப் தளத்தில் திறந்தே கிடக்கிறது. பிழை திருத்தியவர்கள், பல மொழிகளுக்கு மொழிபெயர்த்தவர்கள், புது வரைபடம் செய்தவர்கள் என்று உலகம் முழுக்க தன்னார்வலர்கள் கை கொடுத்திருக்கிறார்கள். 'தனி ஒருவன்' கதையாகவே எழுதினால் படிக்க சுவாரஸ்யமாக இருக்கும், ஆனால் இவர்களுக்கு அநியாயம்.

கோடு வெளியிடப்பட்டிருப்பது 'ஜிபிஎல் 3' என்ற உரிமத்தில். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூட செய்யலாம். ஒரே நிபந்தனை, மாற்றி வெளியிட்டால் உங்கள் கோடையும் அதே மாதிரி திறந்து வைக்கணும்.

அப்போ பணம்? ஆண்ட்ராய்டில் இலவசம், இட்ச் தளத்தில் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம், ஸ்டீமில் காசு. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்கலாம். வாங்குகிறார்கள். சுலபமாக அப்டேட் ஆகும் என்று சிலர், உழைத்தவருக்குப் போகட்டும் என்று சிலர்.

இவர் மட்டும்தானா?

இல்லை. 'ரஸ்டட் வார்ஃபேர்' என்று இன்னொரு கேம், லூக் ஹோஷ்கி என்பவர் உருவாக்கியது. 2017-ல் ஸ்டீமுக்கு வந்தது, ஆண்ட்ராய்டிலும் உண்டு. தொழிற்சாலைத் தொல்லை வேண்டாம், பழைய 'கமாண்ட் அண்ட் கான்கர்' மாதிரி நேரா சண்டைதான் வேணும் என்பவர்களுக்கு அது பொருந்தும். இங்கே வளம் ஒன்றே ஒன்று, பணம். புது வண்டி உருவாக்க கோடிங்கூட தெரிய வேண்டாம், சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வேகம், பலம், விலை என்று எண்களை மாற்றினால் போதும்.

தமிழர் பக்கம் பார்த்தால், 2023-ல் வந்த 'வெண்பா' நினைவுக்கு வரும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் பற்றிய கேம். டொரண்டோவின் 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்தது. 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. போர் கேமும் இல்லை, தனி ஆள் வேலையும் இல்லை. ஆனாலும் கையடக்கமான குழு, காட்சி ஆடம்பரத்தை விட்டு ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டது என்ற வகையில் அதே கட்சிதான்.

'ஆன்லைன் கேம் தடை'யில் இது வருமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்வது பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் விளையாட்டுகளை. மைண்டஸ்ட்ரியில் பணம் கட்டி ஆடும் பந்தயமே கிடையாது. ரம்மி ஆப்பையும் இதையும் ஒரே கூடையில் போடுவது சரியில்லை. அதுக்காக ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஆட விடலாம் என்று அர்த்தம் இல்லை. இந்தக் கேமில் 'இந்த ஒரு கன்வேயரை மட்டும் சரி பண்ணிட்டு படுக்கிறேன்' என்பது பொய் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று இருக்கு. கல்லூரியில் ஜாவா பாடத்தில் வங்கிக் கணக்கு, மாணவர் மதிப்பெண் என்றே புரோகிராம் எழுதி அலுத்திருப்பீர்கள். இங்கே உலகம் முழுக்க ஆடும் ஒரு கேமின் முழு ஜாவா கோடும் வரிவரியாகக் கண்முன் இருக்கிறது. மேலே சொன்ன அந்த வழி கண்டுபிடிக்கும் பகுதியை 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் தேடிப் படிக்கலாம். கோடிங் அனுபவமே இல்லாதவர்களுக்கு கேமுக்குள்ளேயே 'புராசஸர்' கட்டடம் உண்டு, ஆறாவது பதிப்பில் வந்தது. 'தோட்டா தீர்ந்தால் மோட்டாரை நிறுத்து' மாதிரி சின்னச் சின்ன கட்டளைகளை நீங்களே எழுதி உங்கள் தொழிற்சாலையை ஓட்டலாம்.

எப்படி ஆரம்பிப்பது?

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் அல்லது எஃப்-டிராய்டில் இறக்கலாம். கண்ட இடத்தில் 'மாட் ஏபிகே' என்று வருவதைத் தொடாதீர்கள், இலவச கேமுக்கு எதற்கு திருட்டு காப்பி? தனியாக ஆட நெட் தேவையில்லை. நண்பர்களோடு ஆட ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டு, ஆட்டத்தை 'ஹோஸ்ட்' செய்தால் மற்றவர்கள் சேரலாம். எல்லார் போனிலும் ஒரே பதிப்பு இருக்கணும், இல்லைன்னா இணைக்காது.

முதல் களத்தின் பெயர் 'கிரவுண்ட் ஜீரோ'. அங்கே பீரங்கியை வரிசையாக வைத்துவிட்டு தோட்டாவுக்கு கன்வேயர் போட மறந்துவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகத் தோற்கும் இடம். செம்பு டிரிலிலிருந்து வரும் கன்வேயரை பீரங்கிகளை ஒட்டியே இழுத்து, முனையைக் கடைசி பீரங்கியில் கொண்டுபோய் முட்டவிடுங்கள். நடுவில் இருக்கும் பீரங்கிகளுக்கு கன்வேயர் பக்கவாட்டில் தானாகப் பிரிந்து கொடுக்காது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு 'ரவுட்டர்' கட்டத்தைச் செருகணும்.