அரியலூர்க் கடலும் ஒரு வாளி உப்பும்

அரியலூர் என்றதும் நினைவுக்கு வருவது சிமெண்ட். பெரம்பலூர் என்றால் மக்காச்சோளமும் பருத்தியும். வரைபடத்தைப் பார்க்கும் யாரும் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. பக்கத்திலேயே பவளப்பாறையும் இருந்தது. அந்தக் கடலின் வரலாறு, இன்று வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் கடையில் எந்த உப்பை நம்பி வாங்கலாம் என்ற கேள்விவரை வந்து நிற்கிறது. வேடிக்கையாக இருக்கிறதா? மேலே படியுங்கள்.

கடல் இருந்த ஊர்

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இந்தப் பகுதிக்குள் ஏறியது. சில முறை பின்வாங்கியும் மீண்டும் ஏறியும், ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே இருந்தது. நிலவியலில் இதைக் கிரெட்டேசியஸ் காலம் என்கிறார்கள்.

இதை உலகுக்குச் சொன்னவை சிப்பிகளும் நத்தைகளும்தான். கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சி, விருத்தாசலம், பாண்டிச்சேரிப் பகுதிகளில் சேகரித்த கல்லாகிப்போன உயிரிகள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதியை அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதே துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இங்கு கிடைத்த உயிரிகளை ஒவ்வொன்றாக விவரித்துப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். 1873இல் வந்த தொகுதியில் பவளங்களும் உண்டு.

1953 பெயர் மாற்றப் போராட்டத்தால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊர் கல்லக்குடி. அரியலூருக்குப் பக்கத்தில், திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக் கல்லில் ஒரு பகுதி, பவளங்களும் கடற்பாசிகளும் சேர்ந்து கட்டிய பழைய பவளப்பாறைதான். பவளம் என்பது கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் சிறிய பிராணி. அப்படிக் கட்டிய வீடுதான் இன்று மூட்டை மூட்டையாகப் போய் மனிதர்களுக்கும் வீடாகிறது!

கடல் உப்பு என்பது ஒரே உப்பு அல்ல

கடல்நீர் என்றால் சோற்று உப்பு கரைந்த தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8, சல்ஃபேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியம் 0.41, பொட்டாசியம் 0.40. மீதி மிகமிகச் சிறிய அளவில் பல பொருள்கள்.

வெவ்வேறு கடல்களில் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். ஆனால் உப்புகளுக்கு இடையிலான விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1819இல் அலெக்ஸாண்டர் மார்செட் என்ற மருத்துவர் சொன்னார். சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்தார். 1884இல் வந்த அவருடைய முடிவும் அதையே உறுதி செய்தது. கணக்குப் புத்தகத்தில் தொகை மாறினாலும் கூட்டாளிகளின் பங்கு விகிதம் மாறாமல் இருப்பதுபோல.

உப்பளத்தில் நடப்பது வேறு. கடல்நீரை வெயிலில் வற்றவிட்டால் முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் சோற்று உப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் நிற்கும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். வேதாரண்யம் ஆனாலும் தூத்துக்குடி ஆனாலும், உப்பளத்து உப்பைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் கிடைக்காது. கடலின் பங்காளிகள் பாதி வழியிலேயே பிரிந்துபோய்விட்டார்கள்!

முதல் செயற்கைக் கடல்

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. கடற்கரையிலிருந்து தள்ளியிருந்தவர்களும் கடல் உயிர்களை வளர்க்க ஆசைப்பட்டார்கள். ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1854இல் செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். சோற்று உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கே பொருள்கள். கால்சியம் உப்புகளை அவர் சேர்க்கவில்லை. தொட்டியின் அடியில் போடும் சிப்பி, பவளத் துண்டுகளிலிருந்து தேவையான சுண்ணாம்பு கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு.

சில பிராணிகளுக்கு அது போதும். ஆனால் நாள்தோறும் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து எலும்புக்கூடு கட்டும் பவளத்துக்கு அது போதாது. நீரில் கால்சியம் குறைந்தால் வளர்ச்சி நிற்கும். 1940இல் லைமன், ஃபிளெமிங் இருவரும் கால்சியம், ஸ்ட்ரான்சியம் வரை சேர்த்த முழுமையான செய்முறையை வெளியிட்டார்கள். 1960களில் தண்ணீரில் கலந்தாலே போதும் என்ற ஆயத்தக் கலவைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. இன்று வாளிகளில் விற்பவை எல்லாம் அவற்றின் வாரிசுகள்தான்.

எந்தக் கடல்?

இங்கேதான் அரியலூர் மீண்டும் வருகிறது. விகிதம் எல்லாக் கடலிலும் ஒன்று என்பது இன்றைய கடல்களுக்குச் சரி. எல்லாக் காலத்துக்கும் சரியல்ல. இன்றைய கடலில் ஒரு கால்சியம் அணுவுக்கு 5.2 மெக்னீசியம் அணுக்கள் உள்ளன. கிரெட்டேசியஸ் கடலில் இரண்டும் கிட்டத்தட்ட சம அளவுக்கு நெருங்கியிருந்தன. அன்று கடலடியில் புதிய எரிமலைப் பாறை வேகமாக உருவானது. சூடான அந்தப் பாறை வழியாக ஓடிய நீர் மெக்னீசியத்தை இழந்து கால்சியத்தைப் பெற்றது.

இன்றைய பவளத்தை அன்றைய கடலில் விட்டால் என்ன ஆகும்? ரீஸ், ஸ்டான்லி, ஹார்டி ஆகிய ஆய்வாளர்கள் அதைச் செய்தே பார்த்தார்கள். கிரெட்டேசியஸ் விகிதத்தில் செயற்கைக் கடல்நீர் கலந்து, மூன்று வகைப் பவளங்களை அதில் வளர்த்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. பவளங்கள் மெதுவாக வளர்ந்தன. வழக்கமாக அரகோனைட் என்ற படிவத்தில் கட்டும் எலும்புக்கூட்டில் கால்சைட் என்ற வேறு படிவமும் கலந்திருந்தது. அதாவது பழைய அரியலூர்க் கடலின் நீர், இன்றைய பவளத்துக்குப் பொருந்தாத நீர். மொத்த உப்பு சரியாக இருந்தாலும் பங்கு மாறினால் உயிரின் கட்டுமானமே மாறுகிறது.

நம்பகமான உப்பு எது?

அதனால் பவளத் தொட்டிக்கு உப்பு வாங்குபவர்கள் விலையையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில:

- 35 என்ற உப்புத்தன்மையில் (அடர்த்தி எண் சுமார் 1.026) கலக்கும்போது கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எவ்வளவு வரும் என்று வாளியில் அச்சிட்டிருக்க வேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் என்பது நல்ல எல்லை.
- ஒவ்வொரு வாளியும் முந்தைய வாளியைப் போலவே இருக்க வேண்டும். பவளத்துக்குக் கொஞ்சம் குறைவான அளவைவிடத் திடீர் மாற்றம்தான் ஆபத்து. புது வாளி திறந்தால் ஒருமுறை கலந்து சோதனை செய்வது நல்லது.
- லாரியில் குலுங்கி வரும் வாளியில் பொடிகள் பிரிந்து அடுக்கடுக்காக நிற்கலாம். உருட்டிக் கலக்கிவிட்டுத்தான் அள்ள வேண்டும்.
- தண்ணீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் செறிவு கூடிய இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து வீணாகும்.

இன்னொன்று, இந்த மண்ணுக்கே உரியது. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கிணற்று நீரில் ஏற்கனவே கால்சியம் இருக்கும். அதில் எவ்வளவு விலையுயர்ந்த கலவையைப் போட்டாலும் வாளியில் அச்சிட்ட விகிதம் கிடைக்காது. ஆர்.ஓ. நீர்தான் வேண்டும்.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று கேட்கலாம். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பாறை கட்டும் பவளங்களுக்கு 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே தொட்டியில் சட்டப்படி இருக்கும் ஒரு பவளம் செத்தால், கடலில் போய் இன்னொன்றை எடுத்துவரும் உரிமை யாருக்கும் இல்லை. அதை வைத்திருப்பவர் கலக்கும் ஒவ்வொரு வாளி தண்ணீரும்தான் அந்தப் பிராணிக்கு முழுக் கடல். அரியலூரில் வற்றிப்போன கடலுக்கு யாரும் பொறுப்பல்ல. இந்தக் கடலுக்கு ஒருவர் பொறுப்பு.