எட்டு எழுத்துக்குள் ஒரு பதவி: விருதுநகர்ச் சீமையில் மின்னஞ்சல் கணக்கு வளர்ந்த வரலாறு

யூனிக்ஸ் கணினிகளில் மின்னஞ்சல் கணக்கு என்று தனியாக ஒன்று தொடக்கத்தில் கிடையாது. கணினிக்குள் நுழைய உரிமை பெற்றவர் எவரோ, அவருக்கு அஞ்சலும் வரும். பாஸ்வேர்டு கோப்பில் ஆளுக்கு ஒரு வரி இருந்தது. பயனர் பெயர், மறைகுறியாக்கிய கடவுச்சொல், ஓர் எண், வீட்டு அடைவு ஆகியவை அதில் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். அஞ்சல் பெட்டியும் அவர் பெயரில் இருந்த ஓர் எழுத்துக் கோப்புதான். இப்படி எல்லாமே வெறும் எழுத்தாக இருந்ததால், நிர்வாகத்தையும் எழுத்திலேயே நடத்த முடிந்தது. எழுத்துக் கோப்புகளை அலசும் ஆக் மொழி 1977இலும் கமாண்டுகளை இயக்கும் போர்ன் ஷெல் 1979இலும் பெல் ஆய்வகத்திலிருந்து வந்தன. நூறு பேருக்குக் கணக்குத் திறக்க வேண்டுமானால் நூறு பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, அதை வரிவரியாகப் படிக்கும் சிறு ஸ்கிரிப்டை ஓடவிட்டால் போதும். கடிதங்களை ஊர் பிரித்து அனுப்பும் வேலையைப் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில் 1980களில் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்த வேலையை முதலில் பழகியவை கல்வி நிறுவனங்கள். மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் எர்நெட் என்ற கணினி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை அதில் இருந்தன. தொலைபேசி இணைப்பு விலை கூடியது, அடிக்கடி அறுந்தும் போகும். அதனால் கடிதங்கள் வட்டில் வரிசையாகக் காத்திருந்தன. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் நிரல் எழுப்பிய ஸ்கிரிப்ட் மோடத்தைச் சுழற்றி அவற்றை மொத்தமாக அடுத்த கணினிக்குத் தள்ளியது. இணைப்பு கிடைக்கவில்லையென்றால் அது மறுபடி முயலும். மனிதர் விழித்திருக்க வேண்டியதில்லை என்பதே அன்றைய ஸ்கிரிப்டின் பெருமை.

பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் வழியாகத் திறந்தது. பலர் வாங்கியது ஷெல் கணக்கு. படம் தெரியாத கறுப்புத் திரையில் பைன் நிரலைத் திறந்து கடிதம் படிக்க வேண்டும். சென்னைச் சந்தாதாரர்களின் முகவரியில் கணினியின் பெயரே ஒட்டிக்கொண்டிருந்தது: கியாஸ் எம்.டி. 01. கூட்டம் பெருகியதும் எம்.டி. 2, எம்.டி. 3 என்று புதிய பெயர்கள் வந்தன. ஒவ்வொரு சந்தாதாரரும் ஒரு குறிப்பிட்ட கணினியின் பாஸ்வேர்டு கோப்பில் ஒரு வரியாக இருந்த காலத்தின் தடயம் இது. அப்படிப்பட்ட கணினியில் யார் எத்தனை மணி நேரம் இணைந்திருந்தார் என்பதை உள்நுழைவுப் பதிவேட்டிலிருந்து கூட்டிச் சொல்ல ஒரே ஒரு கமாண்ட் போதும். கணக்கைப் பூட்டவும் கடவுச்சொல் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போதும். கடிதங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். சந்தா கட்டியதும் கதவு மீண்டும் திறக்கும். அழிக்காமல் நிறுத்திவைக்கும் இந்த வழக்கத்தை நல்ல நிர்வாகத்தின் முதல் பாடம் என்றே சொல்ல வேண்டும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களுக்கு மின்னஞ்சல் வந்தது வேறொரு வழியாக. 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த, இவ்வட்டங்கள் அடங்கிய புதிய மாவட்டத்துக்கு விருதுநகர் தலைநகரானது. 1976இல் தோன்றிய தேசிய தகவலியல் மையம் (நிக்) அதே காலத்தில்தான் நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கணினி மையத்தை நிறுவி, செயற்கைக்கோள் வழியே தன் நிக்நெட் வலையமைப்பில் இணைக்கும் வேலையில் இறங்கியது. வானம் பார்த்த பூமியான இந்தப் பக்கத்தில் மழை அளவும் பயிர்ச் சேதமும் கலெக்டர் அலுவலகத்திலிருந்து சென்னைக்குத் தவறாமல் போக வேண்டிய செய்திகள். தொலைபேசிக் கம்பியை நம்பாத ஒரு வழி இத்தகைய மாவட்டத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்கத் தேவையில்லை.

நிக் மின்னஞ்சலில் தமிழ்நாட்டுக் கலெக்டர்களுக்கு அமைந்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. பதவியைக் குறிக்க ஐந்து ஆங்கில எழுத்துகள், மாவட்டத்தைக் குறிக்க மூன்று; விருதுநகருக்கு வி.என்.ஆர்., மதுரைக்கு எம்.டி.யு. ஆக மொத்தம் எட்டு. பழைய யூனிக்ஸில் பயனர் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. உள்நுழைவுப் பதிவேட்டில் பெயருக்கென ஒதுக்கிய இடமே எட்டு பைட்தான். அந்தக் கட்டுக்குள் இந்தப் பெயர்கள் அச்சாக அடங்குகின்றன. ஒரே அமைப்பில் பெயர் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: மாவட்டக் குறிகளின் பட்டியல் இருந்தால் எல்லாக் கலெக்டர்களின் கணக்குகளையும் ஒரே சுற்றில் திறக்கலாம், ஒரே சுற்றில் சரிபார்க்கலாம்.

ஊருக்குள் நிலை வேறு. நூற்பாலைகளும் கைத்தறியும் உள்ள அருப்புக்கோட்டை போன்ற நகரங்களில் தொலைபேசியோடு மோடத்தை இணைத்து, எழுதிவைத்த கடிதங்களை அனுப்பிவிட்டு உடனே இணைப்பைத் துண்டிப்பதே சிக்கனமாக இருந்தது. பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட் இணையச் சேவை வந்தபின் மின்னஞ்சல் முகவரி பெறுவது கொஞ்சம் எளிதானது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் கிராம இணைய மையங்கள் நடந்தன. அங்கிருந்து அரசு அலுவலகங்களுக்கு மனுக்களும் மின்னஞ்சலில் சென்றன. பிரவுசிங் சென்டர்கள் பெருகியபோது மக்கள் யாஹூவிலும் ஹாட்மெயிலிலும் கணக்குத் திறந்துகொண்டார்கள்.

சர்வர் அறையிலும் மாற்றம் வந்தது. 1998இல் வீட்சே வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் மென்பொருள் வெளியானது. அஞ்சல் பெட்டி வேண்டுமென்றால் கணினிக்குள் நுழையும் உரிமையும் வேண்டும் என்ற கட்டு தளர்ந்து, பயனர்கள் தரவுத்தளத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். எட்டு எழுத்து எல்லையும் போனது. கமாண்ட் மட்டும் போகவில்லை. சாளரமும் பொத்தானுமாக வளர்ந்த மைக்ரோசாஃப்டே தன் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சின் 2007 பதிப்பில், நிர்வாகத் திரையைப் பவர்ஷெல் கமாண்டுகளின் மேல்தான் கட்டியது.

மத்திய அரசின் மின்னஞ்சல் அண்மையில் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் கணக்குகள் அதில் அடக்கம். ஜோஹோ தென்காசிப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்நாட்டு நிறுவனம். இத்தனை பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற எவராலும் முடியாது. தளம் மாறினாலும் பதவியின் பெயரில் கணக்கு வைக்கும் வழக்கம் தொடர்கிறது. அரசின் மின்னஞ்சல் கொள்கை ஆளின் பெயரில் ஒன்று, பதவியின் பெயரில் ஒன்று என இருவகைக் கணக்குகளை ஏற்கிறது. அதிகாரி மாற்றலாகும்போது பதவிக் கணக்கு அடுத்து வருபவரிடம் சேர்கிறது. கடவுச்சொல் மாறும், பழைய கடிதங்கள் அலுவலகத்திலேயே இருக்கும்.