‘காரணம் தெரியவில்லை’ என்ற கட்டம்: இந்தியாவில் மூளைக்காய்ச்சல் கண்காணிப்பு

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். அரை நூற்றாண்டு கழித்து, 2005இல், கோரக்பூரிலும் அதைச் சூழ்ந்த கிழக்கு உத்தரப் பிரதேச மாவட்டங்களிலும் மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பாலோர் குழந்தைகள். மறு ஆண்டே தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையை ஒட்டிய கண்காணிப்பும் வந்தது. திடீர்க் காய்ச்சலோடு மனநிலை குழம்பினாலோ, புதிதாக வலிப்பு கண்டாலோ, வயதும் பருவமும் பாராமல் ‘கடும் மூளைஅழற்சி நோய்க்குறித் தொகுதி’ என்று பதிய வேண்டும். சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு மட்டும் விலக்கு. வலை அகலமானது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் வலையில் விழுந்தவற்றை எண்ணி மேலிடத்துக்கு அனுப்பியதும் வேலை முடிந்தது என்ற பழக்கம் படிந்துவிட்டது. பதிவானவற்றில் பெரும்பகுதி ‘காரணம் தெரியவில்லை’ என்ற கட்டத்தில் தங்கிவிடுகிறது. கண்காணிப்பு தொடங்கவேண்டிய இடம் அந்தக் கட்டம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோரக்பூரையே பார்ப்போம். தடுப்பூசி பரவலான பின்னும் மழைக்காலம்தோறும் குழந்தைகள் வந்து குவிந்தனர். சோதனையில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் உறுதியானவர்களோ சிலரே. மிச்சமெல்லாம் வேறு ஏதோ வைரஸ் என்ற ஊகம் பல ஆண்டுகள் நீடித்தது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம் எதிர்ப்பொருள் இருந்தது. புதர்களில் வாழும் நுண்ணுண்ணியின் இளம்புழு கடித்துப் பரவும் பாக்டீரியா நோய் இது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சூடுபோல ஒரு கரும்பொருக்கு சில வேளை தென்படும், தென்படாமலும் போகும். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற விலைமலிந்த மருந்துகளுக்கே அது கட்டுப்படும், தொடக்கத்திலேயே கொடுத்தால்.

முசாஃபர்பூர் இன்னும் கூர்மையான பாடம். பீகாரின் லிச்சி விளையும் அம்மாவட்டத்தில் 2014 கோடையில் 390 குழந்தைகள் அனுமதிக்கப்பட்டு 122 பேர் இறந்தனர். தொற்று எதுவும் பிடிபடவில்லை. வேலூரைச் சேர்ந்த வைரஸியல் அறிஞர் ஜேக்கப் ஜான் லிச்சிப் பழத்திலுள்ள நச்சைச் சுட்டிக்காட்டினார். 2017இல் வெளியான விரிவான ஆய்வும் அதை ஆதரித்தது. இரவுணவு உண்ணாத குழந்தையின் உடலில் ஹைப்போகிளைசின் என்ற அந்த நச்சு சர்க்கரை உற்பத்தியைத் தடுக்க, விடியலில் வலிப்பு. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டர், ஒரு நிமிடத்துக்குள் விடை. பிறகு சிரை வழியே குளுக்கோஸ். ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல் நச்சையும் பாக்டீரியாவையும் வைரஸையும் ஒன்றாக மூடிவைத்திருந்தது.

இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழும். வசதியற்ற மாவட்ட மருத்துவமனையிடம் ஆய்வகத் துல்லியம் கேட்பது நியாயமா என்பது முதலாவது. குளுக்கோமீட்டரும் ஸ்க்ரப் டைபஸுக்கான எலிசா ரத்தச் சோதனையும் எட்டாக்கனிகள் அல்ல. எல்லா நுண்ணுயிரிகளையும் தேடச் சொல்லவில்லை, சிகிச்சை உள்ளவற்றை முதலில் தேடச் சொல்கிறேன். இரண்டாவது மறுப்பு வலுவானது: ஐஜிஎம் கண்டதாலேயே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, நோய் பரவலாக உள்ள ஊரில் பழைய தொற்றின் தடயமாகவும் அது இருக்கலாம். உண்மை. எதிர்த்திசைப் பிழையும் உண்டு: நோய் கண்ட இரண்டாம் நாளில் முதுகில் ஊசியிட்டு எடுத்த தண்டுவட நீரில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் இன்னும் உருவாகாமலே இருக்கக்கூடும்; பத்தாம் நாள் மாதிரி கேட்கும்போது குழந்தை வீடு திரும்பியிருக்கும், அல்லது இறந்திருக்கும். ஆகவே சோதனை முடிவோடு, மாதிரி எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதும் பதிவேட்டில் ஏற வேண்டும். அது இல்லாத ‘இல்லை’யை நான் விடையாக ஏற்கமாட்டேன்.

மாதிரியைச் சேமித்து வைப்பதும் கண்காணிப்பின் பகுதிதான். 2001இல் சிலிகுரியில் பரவிய மர்மக் காய்ச்சலுக்குக் காரணம் நிபா வைரஸ் என்பது, எஞ்சியிருந்த மாதிரிகளை மறுபடி ஆராய்ந்த பிறகே தெளிவாகி, 2006இல் அச்சேறியது. மாறாக, 2018இல் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோயுற்றவர்களைக் கண்ட மருத்துவர்கள் உடனே ஐயுற்று மாதிரியை அனுப்பினர். சில நாள்களுக்குள் நிபா என்று புனே தேசிய வைரஸியல் நிறுவனம் உறுதிசெய்தது.