சீரகம் அளவில் ஒரு வைத்தியம்

சியாட்டிலில் மகனோடு இருக்கும் என் பள்ளித் தோழன் போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் என்னை அழைத்து, "டேய், மலத்தோட கொஞ்சம் ரத்தம் வருதுடா" என்றான். பார்த்த டாக்டர் குடலில் கேமரா விட்டுப் பார்த்து, சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்க நாள் குறித்துவிட்டாராம்.

ஒரு வருடத்துக்கு முன்பு புராஸ்டேட் புற்றுநோய்க்காக அவனுக்கு அயோடின்-125 விதைகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் நாலரை மில்லிமீட்டர் நீளம், சீரகம் மாதிரி. டைட்டானியம் உறைக்குள் கதிர்வீச்சுப் பொருள். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 60 நாள். வைத்த புதிதில் பேரனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம். முப்பது வருடம் கரும்பலகையில் அரை ஆயுட்காலம் நடத்தியவன் நான். "ஆறு மாசம் போனா எட்டில் ஒரு பங்குதான்டா மிச்சம்" என்று அப்போது தேற்றினேன். அன்று தொடங்கி இதைப் பற்றிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டது 1898-இல். தொலைபேசி கண்ட கிரகாம் பெல், 1903-லேயே, ரேடியத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன என்று ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். 1910-களில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் பாரிஞ்சர் என்பவர், ஆசனவாய்க்குள் விரலை வைத்துத் தடவியபடியே ரேடிய ஊசிகளைப் புராஸ்டேட்டுக்குள் செலுத்தினார். விரல்தான் அவருக்குக் கண்.

1970-களில் அதே மருத்துவமனையில் விட்மோர் குழுவினர் அடிவயிற்றைத் திறந்து அயோடின் விதைகளை வைத்தார்கள். அப்போதும் கைக்கணக்குதான். விதைகள் ஓரிடத்தில் நெருங்கின, வேறிடத்தில் கலைந்தன. கலைந்த இடத்தில் நோய் திரும்பியது; நெருங்கிய இடத்தில் பக்கத்து உறுப்பு வெந்தது. சிறுநீர்க் குழாய் சுரப்பியின் நடுவிலேயே போகிறது. மலக்குடலோ பின்புறம் சில மில்லிமீட்டர் தள்ளி. பிறகு இந்த முறையையே பலர் கைவிட்டார்கள்.

அதை மீட்டது டென்மார்க். 1980-களின் தொடக்கத்தில் ஹோல்ம் என்ற மருத்துவர், ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, திரையில் பார்த்துக்கொண்டே, வயிற்றைக் கிழிக்காமல் ஊசி வழியே விதைகளை இறக்கினார். 1985 முதல் சியாட்டில் மருத்துவர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். முன்கூட்டியே வரைபடம் போட்டு, துளையிட்ட தகடு வழியே ஊசி செலுத்துவது வழக்கமானது. சிறுநீர்க் குழாய் ஓரம் விதைகளைக் குறைத்து விளிம்பில் கூட்டினார்கள். நகர்ந்து நுரையீரல் வரை போய்விடாதபடி விதைகளைச் சரமாகக் கோக்கும் முறையும் வந்தது. வைத்த பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்துச் சரிபார்த்தார்கள். தொல்லை அடியோடு போகவில்லை: சிறுநீர் எரிச்சல், அடைப்பு, சிலருக்கு மலத்தில் ரத்தம் இன்றும் உண்டு. ஆனால் வெகுவாகக் குறைந்தது.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பிறகும் ஓர் எச்சரிக்கை மிஞ்சியிருக்கிறது. கதிர்வீச்சு பட்ட மலக்குடலின் முன்சுவரில் சதைத்துணுக்கு எடுத்தால் அந்தப் புண் ஆறாமல், சிறுநீர்ப் பாதைக்கும் மலக்குடலுக்கும் இடையே ஓட்டையே விழலாம். சும்மா விட்டால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும் ரத்தக்கசிவு அது.

இதை எங்கோ படித்த ஞாபகம் எனக்கு. "முதல்ல உன் சியாட்டில் டாக்டரைக் கேளுடா" என்றேன். கேட்டான். கேமராவில் பார்க்கலாம், முன்சுவரைத் தொடவே கூடாது என்று பதில் வந்தது. இங்குள்ள டாக்டரிடம் காட்டினோம், அவரும் ஒப்புக்கொண்டார். நம் பக்கம் இந்த விதை வைத்தவர்கள் குறைவு, அவரைக் குறை சொல்வதற்கில்லை. பங்குனிக்குள் ரத்தம் நின்றுவிட்டது.

உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கலாம். ஒரு சீட்டில் அதை எழுதி, பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் தோழன் வைத்திருக்கிறான்; எழுதிக் கொடுத்தது நான்தான்.