கங்காபுரியின் பரணி: கடைதிறப்பும் களமும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் ராஜேந்திரன் காலந்தொட்டு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் சோழரின் தலைநகராக இருந்தது. இன்று ஜெயங்கொண்டத்தை அடுத்து, கோயிலும் மாளிகைமேடும் சோழகங்க ஏரியுமாகக் கிடக்கும் இந்த ஊரிலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்ததே கலிங்கத்துப்பரணி. தமிழில் முழுமையாகக் கிடைத்துள்ள பரணிகளில் மூத்தது அது. தான் பாடும் போர் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டது என்பது அதன் தனிச்சிறப்பு. குலோத்துங்கனின் அவைப்புலவர் செயங்கொண்டார் அதைப் பாடினார். 599 தாழிசைகள் கொண்ட அந்நூல், காதலரைப் பிரிந்த பெண்களின் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்லும் கடைதிறப்பில் தொடங்கிப் பிணக்களத்துக் கூழ்ப் பானையில் முடிகிறது. வரலாற்று ஆய்வாளர் நெடுங்காலம் அதன் நடுப்பகுதியையே நாடினர். முன்னும் பின்னும் இருப்பவை கற்பனை என ஒதுக்கப்பட்டன. போருக்குப் பின் ஒரு நாடு எப்படி இருந்தது என்பதற்குக் கல்வெட்டில் கிடைக்காத விடை அந்த ஒதுக்கப்பட்ட பகுதிகளில்தான் இருக்கிறது.

புலவரின் பெயரையும் ஜெயங்கொண்டம் என்ற ஊர்ப்பெயரையும் இணைத்து, அவர் இவ்வூரார் எனச் சொல்வதுண்டு. ஊர்ப்பெயர் சோழ மன்னரின் 'ஜெயங்கொண்ட சோழன்' என்ற விருதிலிருந்து வந்தது. புலவர் பிறந்த ஊராக மரபு சொல்வது தீபங்குடி. ஊருக்கும் நூலுக்கும் உள்ள உறவு வேறு வகையில் உறுதியானது. பரணியின் களம் பாடும் பகுதியில் இவ்வூர் கங்காபுரி என்ற பெயரோடு வருகிறது. அதன் மதிலுக்கு வெளியே பகைவரின் தலைகள் விழுந்து கிடப்பதாக ஒரு தாழிசை சொல்கிறது. தலையில் வேல் தைத்து நிற்பதைப் பேய்கள் கூழ் துழாவும் அகப்பையாகக் காண்கின்றன. அந்த மதில் இப்போது இல்லை. கோயிலின் சுற்றுமதில் கற்களே 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன.

குலோத்துங்கன் 1070-இல் ஆட்சிக்கு வந்தவன். தந்தை கீழைச் சாளுக்கிய ராஜராஜ நரேந்திரன். தாய் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை. அவன் காலத்தில் கலிங்கத்தின் மேல் படை இருமுறை சென்றது. முதற்படையெடுப்பு 1096-க்கு முன், இளவரசன் விக்கிரம சோழன் முன்னின்று தென்கலிங்கத்தில் நடத்தியது. பரணி பாடுவது 1110-ஐ ஒட்டி நடந்த இரண்டாவதை. எதிர்நின்றவன் கீழைக் கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன். அவன் தாய் ராஜசுந்தரியும் சோழ இளவரசியே. அதனால் இருபுறமும் சோழ ரத்தம் ஓடிய போர் அது. காஞ்சியில் வீற்றிருந்த குலோத்துங்கனுக்குக் கலிங்க மன்னன் இருமுறை திறை செலுத்தவில்லை என்பதே நூல் கூறும் காரணம். குலோத்துங்கன் தானே செல்லவில்லை. படைத்தலைவனாகக் கருணாகரத் தொண்டைமானை அனுப்பினான். படை பாலாறு முதல் கிருஷ்ணை, கோதாவரி எனப் பல ஆறுகளைத் தாண்டிச் சென்ற வரிசையை நூல் சொல்கிறது. பணிந்துபோகுமாறு கலிங்க அமைச்சன் எங்கராயன் கூறிய அறிவுரையை அனந்தவர்மன் கேட்கவில்லை.

கருணாகரன் கற்பனைப் பாத்திரம் அல்லன். காஞ்சிபுரம் அத்திகிரிப் பெருமாள் கோயிலில் குலோத்துங்கனின் 43-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, வண்டாழஞ்சேரிக் கருணாகரனான தொண்டைமானின் மனைவி செய்த கொடையைப் பதிவுசெய்திருக்கிறது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் வந்த பதிவு அது. ஆயிரம் யானை வென்றவனாகக் காவியம் பாடிய ஒருவனின் ஊரும் பெயரும் கல்லில் நிற்பது மனைவியின் கொடையால் என்பதைக் கடைதிறப்பைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

போரில் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி. தோற்றவர் நாட்டின் பெயரால் அதை அழைப்பது மரபு. பரணி நாளில் காளிக்குக் கூழ் படைப்பதைக் கருவாகக் கொண்டது. செயங்கொண்டாருக்கு முன்பே கொப்பத்துப் போரைப் பற்றிய பரணி ஒன்று இருந்தது, அது கிடைக்கவில்லை. கலிங்கத்துப்பரணியில் கடவுள் வாழ்த்தை அடுத்துக் கடைதிறப்பு வருகிறது. பின்னர்க் காளி உறையும் காடு, கோயில், தேவி, பேய்கள் எனச் சென்று சோழர் மரபு, குலோத்துங்கனின் பிறப்பு, போர், களம் என முடிகிறது. போரைப் புலவர் தம் வாயால் சொல்வதில்லை. கலிங்கத்திலிருந்து ஓடிவந்த ஒரு பேய் காளியிடம் சொல்கிறது. பசியோடு இருக்கும் பேய்க்கு எந்தப் பிணம் எந்தப் பக்கத்தது என்ற பேதம் இல்லை. அரசனைப் புகழ வந்த நூலில் போர்க்களத்தை இவ்வளவு கூச்சமின்றிக் காட்ட இந்த உத்தி இடம் கொடுத்தது.

கடைதிறப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட தாழிசைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பெண்ணை விளித்துக் கதவைத் திறக்கச் சொல்கிறது. குறித்த நாளில் திரும்பாத வீரரோடு ஊடிக் கதவடைத்த மனைவியர் இவர்கள் என்பது ஒரு விளக்கம். பரணி கேட்க வருமாறு புலவர் மகளிரை எழுப்புகிறார் என்பது இன்னொன்று. முன்னதே நூலின் போக்குக்குப் பொருந்துகிறது. கணவர் வருவாரெனத் திறந்தும் வாராரெனச் சாத்தியும் விடியும்வரை கதவின் குடுமி தேய்ந்துபோவதாகச் சொல்லும் தாழிசை அதற்குச் சான்று. காத்திருப்பை அளக்கக் கண்ணீரைத் தேடாமல் கதவுக் குடுமியின் தேய்மானத்தைப் பிடித்தது பெரும்புலவரின் கை. இப்பகுதியில் வரும் பெண்கள் எல்லாரும் சோழநாட்டார் அல்லர். தமிழையும் வடுகையும் கலந்து பேசும் கருநாட்டுப் பெண்களும் வருகிறார்கள். வென்ற நாடுகளிலிருந்து வந்தவர்களின் பேச்சு தலைநகரின் தெருவில் கேட்டதற்கு இது இலக்கியச் சான்று. கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த சிற்பங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த செங்கமேட்டில் இருக்கின்றன. அவை ராஜேந்திரன் காலத்து வெற்றிப்பொருள்கள் என்பது ஆய்வாளர் கருத்து. சிலைகள் வந்த வழியில் மனிதரும் வந்தார்கள் என்பதைத்தான் கடைதிறப்பு சொல்கிறது.

தோற்றோடிய கலிங்க வீரரை நூல் எள்ளி நகையாடுகிறது. வில்நாணை முப்புரி நூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாட வந்த அந்தணர் எனச் சொல்லித் தப்பினர் சிலர். குருதி படிந்த துணியைக் காவியாகப் போர்த்துத் தலையை மழித்துப் பௌத்தரானோர் சிலர். யானைமணியைத் தாளமாகத் தட்டித் தாங்கள் தெலுங்கப் பாணர் என்றவர்களும் உண்டு. கலிங்கர் அஞ்சி ஓடும் காட்சியைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் எட்டாம் வகுப்பில் 'படை வேழம்' என்ற தலைப்பில் தருகிறது. கடைதிறப்பு காமச்சுவை மிகுந்தது என்பதால் கல்லூரிவரை காத்திருக்கிறது.

களம் பாடியது இறுதிப்பகுதி. காளி பேய்களை அழைத்துக் களத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். அங்கே கணவனைத் தேடும் பெண் வருகிறாள். வாள் பிடித்த கை எங்கே, மார்பு எங்கே என உறுப்புறுப்பாகக் கேட்டுக்கொண்டே அலைகிறாள். இன்னொருத்தி கணவனின் உடலை மண்மகள் தழுவக்கூடாது என்று தானே தாங்கிக்கொண்டு உயிர்விடுகிறாள். சக்களத்திப் பொறாமை பிணத்தின் மேல் நிகழ்கிறது. இறந்த கணவனோடு மடியும் மனைவியைத் தொல்காப்பியம் காஞ்சித்திணைத் துறைகளில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. செயங்கொண்டார் சேர்த்தது, அந்தப் பழந்துறையைக் கடைதிறப்பின் எதிர்ப்பக்கமாக வைத்த அமைப்பை. நூலின் தொடக்கத்தில் ஊடிக் கதவடைத்தவளும் இறுதியில் உறுப்புகளைத் தேடுபவளும் ஒரே நிலையின் இரு முடிவுகள். ஒருத்தியின் கணவன் திரும்பினான், மற்றவளின் கணவன் திரும்பவில்லை. திரும்பாதவன் கலிங்கத்தான் என்பதால் துயரத்தின் கனம் குறைக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு கூழ். பேய்கள் பல் துலக்கி, குளித்து, நகை பூண்டு, யானையுடலைப் பானையாக்கி அடுப்பேற்றுகின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், பௌத்தப் பேய், குருட்டுப் பேய், சூல்கொண்ட பேய் என வரிசையாகப் பரிமாறப்படுகிறது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஊர்களில் வளர்ந்த வாசகர் இந்தச் சமையலின் ஒழுங்கை உடனே அடையாளம் காண்பர். அருவருப்பும் சிரிப்பும் சேர்ந்த இப்பகுதியைப் போர் எதிர்ப்பு என்று வாசிப்பது மிகை. முடிவில் பேய்கள் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. இதே கலிங்கத்தில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வென்ற அசோகன், ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் கொண்டுசெல்லப்பட்டதையும் கல்லில் வெட்டி வருந்தினான். அந்த 13-ஆம் பாறைச் சாசனம் கலிங்கத்தின் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. சோழர் பக்கம் வருத்தம் எந்தக் கல்லிலும் இல்லை. இருப்பது களத்தில் அலையும் அந்தப் பெண்கள்.

அச்சேறிய பின் நூல் முதலில் வரலாற்று ஆவணமாகவே கற்கப்பட்டது. வி. கனகசபைப் பிள்ளை 1890-இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்து சோழர் வரிசையை விளக்கினார். மு. இராகவையங்கார் தனி ஆராய்ச்சி எழுதினார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு இப்போரைக் கல்வெட்டோடு ஒப்பிட்டது. பட்டினப்பாலைக்குக் கரிகாலன் பதினாறு லட்சம் பொன் கொடுத்தான் என்ற செய்திக்கும் இந்நூலே மூலம். ஒவ்வொரு தாழிசைக்கும் ஒரு பொன் தேங்காயை மன்னன் உருட்டினான் என்ற கதை புலவர் புகழுக்கு ஊர் கட்டியது; வரலாறு அல்ல. வெட்டுண்ட யானைகளின் எண்ணிக்கையையும் அப்படியே ஏற்கத் தேவையில்லை. படையெடுப்பு நடந்ததையும் கலிங்கம் தோற்றதையும் கல்வெட்டுகள் உறுதிசெய்கின்றன.

வெற்றியின் பயன் என்ன என்பதற்கு நூல் விடை சொல்லவில்லை, வரலாறு சொல்கிறது. கலிங்கத்தில் சோழர் ஆட்சி நிலைக்கவில்லை. குலோத்துங்கனின் கடைசி ஆண்டுகளில் வேங்கியே சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் கைக்குப் போனது. தோற்றதாகப் பாடப்பட்ட அனந்தவர்மன் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, பூரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான்.