நோர்வூட் பசாரின் சாப்பாட்டுக் கடைகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலிருந்து வரும் சாலை மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிரிகிற இடம் நோர்வூட். இங்குள்ள சிறு சாப்பாட்டுக் கடைகளுக்கு இந்தச் சந்தியே முதல். கோப்பிப் பயிரை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தபின் இப்பகுதியெங்கும் தேயிலை ஏறியது. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியது. அன்றைய தேயிலைத் தோட்டத்துக்குள் கடைக்கு வேலை குறைவு. அரிசியைத் தோட்ட நிர்வாகமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்து அடுப்பில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமே அன்றாடம். பசார்க் கடையின் கூட்டம் சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறவர்களும் சேர்வார்கள்.

பெரும்பாலும் ஒரே குடும்பம்தான் கடையை நடத்தும். கணவர் கல்லாவில், மனைவி அடுப்பில், பிள்ளைகள் மேசை துடைப்பதில். உட்கார்ந்ததும் வடை, ரோல்ஸ், பணிஸ் எல்லாம் கேட்காமலே தட்டில் வரும். தின்றதை எண்ணி, அதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். வெளியூரார் முகம் சுளிப்பார்கள், ஆனால் கணக்கு பிசகுவதில்லை. கூடவே சீனி தனியாக வைத்த பிளேன்டீ. நல்ல தூள் ஏற்றுமதிக்குப் போக, மலையில் விளைந்ததன் கழிவுத் தூளையே மலை நெடுங்காலம் குடித்தது.

இக்கடைகள் இருக்கும் மலையகம் கெட்ட காலங்களையும் கண்டது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1983 இனக்கலவரத்தில் மலையக நகரங்கள் சிலவற்றில் தமிழர் கடைகள் எரிந்தன. 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடெங்கும் பல கடைகள் விறகடுப்புக்குத் திரும்பின.