உப்புக்காற்றும் பூந்தோட்டமும்

தாழை, புன்னை, ஞாழல், அடும்பு ஆகியவற்றை நெய்தல் நிலத்திற்கு உரியனவாகச் சங்கச் சான்றோர் பாடிவைத்தனர். அவை வெறுங் கற்பனை மலர்கள் அல்ல. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரை, அத்தகைய செடிகொடிகளுக்கு இயல்பான மணல்நிலம். வடசென்னையின் தோட்ட வரலாறு இம்மணலிலிருந்தே தொடங்குகிறது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம், திருவொற்றியூர்க் கோயிலில் பூமாலை தொடுக்கும் திருத்தொண்டு புரிந்த சங்கிலியாரைக் காட்டுகிறது. சுந்தரர் அவருக்குச் சூளுரைத்தது மகிழ மரத்தடியில். அதன் நினைவாக மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகிறது. மாலைக்கு மலர் வேண்டும்; மலருக்கு நந்தவனம் வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நந்தவனப்புறம்’ என்று நிலம் விடப்பட்டதன் காரணம் இதுவே. அரளியும் நந்தியாவட்டையும் பவழமல்லியும் இம்மரபு வழியாகவே வீட்டு முற்றங்களுக்கு வந்தன எனலாம்.

ஆங்கிலேயர் கொணர்ந்த தோட்டக்கலையின் நோக்கம் வேறு. பூப்பறிப்பது அன்று, பசும்புல் விரித்துப் பார்த்து மகிழ்வதே அவர்தம் விருப்பம். 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அதன் தொடக்கத்தில் பெரும்பங்கு கொண்ட தாவரவியலறிஞர் இராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னகத் தாவரங்களின் ஓவியத் தொகுதிகளை வெளியிட்டார். அவற்றுக்கு வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவரின் பெயர்களும் நினைவிற்கொள்ளத் தக்கவை.

ஆயினும், சீமைப் புல் இவ்வெயிலைத் தாங்கவில்லை. பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லே துரைமார் மாளிகைகளின் புல்தரையாயிற்று. பருவமும் அவ்வாறே மாறவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் இளவேனிலில் நடுவர். இங்கே சித்திரையில் நட்ட செடி கருகும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய இக்கரையில் ஆடியில் குழி வெட்டி ஆறவிட்டு, மணலோடு செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, ஆவணி, புரட்டாசியில் செடி ஊன்றுதல் முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் ஆழ்ந்துவிடும். அருகங்கணுக்களையும் மழைத் தொடக்கத்தில் பதிக்கலாம்; நீர் தேங்கினால் அழுகும். கோடையில் புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுவது வேரைக் காக்கும். கடலை நோக்கிய பக்கத்தில் அரளி, நொச்சி, புன்னை நின்றால், உப்புக்காற்று அவற்றிலே தடைப்பட்டு, உள்ளே செம்பருத்தி பிழைக்கும்.

இவ்வறிவு நிலைத்திருக்க, நிலம் நிலைக்கவில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து இருப்புப்பாதை புறப்பட்டது. எஞ்சின்களின் விறகுக்காகக் கடற்கரை மணலிற் சவுக்குத் தோப்புகள் பெருகின. 1875இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுள் நீண்ட சுவர்கள் மணலோட்டத்தைத் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. ஒரே செயலின் நன்மை ஒரு பக்கத்திற்கும் தீமை மறுபக்கத்திற்கும் போய்ச்சேர்ந்தது. பின்னர் ஆலைகள் எழுந்தன. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் அப்பகுதியின் நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தை விட்டு அகலவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர்க் கண்டல் மரங்களிற் கரும்பூச்சாய்ப் படிந்தது.

தாழையையும் புன்னையையும் பாடும் புலவர்க்கு இவ்வரலாற்றில் ஒரு கடமை உண்டு. நிலம் அழிந்தால் திணையும் அகராதிச் சொல்லாய்ச் சுருங்கிவிடும். வாசலில் ஒரு முழ மண்ணே எஞ்சிய தெருவிலும், ஆவணி பிறந்ததும் ஒரு புன்னங்கன்றோ நொச்சிக் கிளையோ ஊன்றுவது, நெய்தலைப் பாடுவதற்கு நிகரான தமிழ்த்தொண்டேயாகும்.